விலை இறங்கிய குளிர்காலமும் ஓர் ஆட்டுத்தலையும்

"இன்னும் விழும்," என்றான் துய்சேன்.

குல்யாஷ் அடுப்புக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு குறுக்கே நின்றதால் குனிய முடியவில்லை. முக்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டி, பூனைக்குச் சோறு வைப்பதுபோல ஒவ்வொரு துண்டாக உள்ளே தள்ளினாள்.

"எது விழும்?"

"வீட்டு விலைதான்."

"போன மாசமும் இதைத்தானே சொன்னீங்க."

"சொன்னேன். விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. வாங்கினீங்களா?"

"இன்னும் விழப்போகுதுன்னு தெரிஞ்சே எவனாவது வாங்குவானா?"

இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது என்பது துய்சேனின் எண்ணம். அதனாலேயே அந்தக் கேள்வி அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வேலை செய்யும் இடத்தில், பேருந்தில், ரொட்டிக் கடையில் எல்லாம் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு, யாரும் வாய் திறக்காததைக் கண்டு உள்ளுக்குள் மீசையை முறுக்கிக்கொள்வான். நிஜத்தில் அவனுக்கு மீசை கிடையாது.

அடுப்பின் இரும்புக் கதவைச் சாத்திவிட்டுக் குல்யாஷ் நிமிர்ந்தாள். அவர்கள் குடியிருந்தது அவளுடைய தூரத்து மாமாவின் முற்றத்துப் பின்கட்டில், ஒரே அறை. முன்பு அதில் மாமா மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தார். இப்போதும் ஈரமான நாட்களில் எண்ணெய் வாடை வரும். கழிப்பறை முற்றத்தின் மறுகோடியில் இருந்தது. ராத்திரி காயப்போட்ட துணி காலையில் பலகை மாதிரி விறைத்து நிற்கும். துய்சேனின் பேன்ட் ஒருநாள் தானாகவே சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்த்து, ஆறு வயது மகள் ஷோல்பான் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

"ஷோல்பான் அப்பா, நான் ஒண்ணு சொல்லிர்றேன்," என்றாள் குல்யாஷ். "மார்ச்சுல நவ்ரூஸ் பண்டிகையை ஒட்டிப் பிள்ளை பிறந்திரும். இந்தக் கரிப்புகைக்குள்ள அதைக் கொண்டாந்து போட மாட்டேன். அதுக்குள்ள வீடு அமையலேன்னா ஷோல்பானைக் கூட்டிக்கிட்டு ஷெலெக்குக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். நீங்க இங்கேயே இருந்து விலையைப் பாத்துக்கிட்டிருங்க. அதுக்கும் ஒரு ஆள் வேணும்ல."

அவள் குரலை உயர்த்தவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அல்மாத்தி நகரமே காத்துக்கொண்டுதான் இருந்தது. முந்தின வருஷம் வரை, கட்டாத வீட்டுக்கு, அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டுக்கு, வெறும் படத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அப்போது துய்சேனிடம் பணமில்லை. இப்போது கட்டின வீடுகள் ஆளில்லாமல் நின்றன. பாதியில் விட்ட கட்டடங்களுக்கு மேலே கிரேன்கள் பனி சுமந்து அசையாமல் நின்றன. அந்த இலையுதிர்காலத்தில்தான் கெகென் ஊரில் தன் அம்மாவின் வீட்டை விற்ற பணம் அவன் கைக்கு வந்திருந்தது. டாலராக மாற்றி மாவுப்பைக்கு அடியில் வைத்திருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் சரியான நேரத்தில் சரியான இடத்தில் நிற்பதாக அவனுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பின் சுகத்தை உடனே செலவழிக்க மனசு வரவில்லை.

துய்சேன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஏறுவதும் இறங்குவதும் தன் தொழில், அதில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பியதுதான் அவன் செய்த தப்பு.

"விழுற லிஃப்ட் பெட்டி எங்க போய் நிக்கும்?" என்று கூட்டாளி வித்தாலியிடம் கேட்டான். இருவரும் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்கள். விரல் மரத்துப்போகிற குளிர். வித்தாலி கையுறையைக் கழற்றிக் கக்கத்துக்குள் விரலைச் செருகியிருந்தான்.

"குழியில."

"குழியில என்ன இருக்கு?"

"எலி."

"எலிக்குப் பக்கத்துல?"

"சுருள்வில் இருக்கு. அதுக்கென்ன இப்போ?"

"விலையும் அப்படித்தான்டா. விழுந்து விழுந்து வில்லுல போய் உக்காரும். உக்காந்ததும் ஒரு சின்னக் குலுக்கல். அந்தக் குலுக்கல்ல நான் உள்ள ஏறிருவேன்."

வித்தாலி சிரிக்கவில்லை. விலை உச்சியில் இருந்தபோது வங்கிக்கடனில் வீடு வாங்கியவன் அவன். விலை என்று யார் பேசினாலும் பல்வலிக்காரன் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொள்வான்.

"இருபது வருஷமா இந்த வேலை பாக்குறே," என்றான். "ஒரு பெட்டியாவது வில்லுல போய் உக்காந்து பாத்திருக்கியா?"

துய்சேன் யோசித்தான். பார்த்ததில்லை.

"எல்லாம் ரெண்டு மாடிக்கு நடுவுலதான் மாட்டும். உள்ள இருக்கிறவன் கதவைத் தட்டிக்கிட்டே நிப்பான். உன் பொண்டாட்டி இப்போ தட்டிக்கிட்டிருக்கா. உனக்குக் காது கேக்கலை, அவ்வளவுதான். அந்தத் துணியை எடு."

துணியை எடுத்துக் கொடுத்தான் துய்சேன். உச்சியில் ஏமாந்தவன் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று முடிவுகட்டிக்கொண்டான்.

அவன் கண் வைத்திருந்த வீடு அக்சாய் பக்கத்தில், ஒன்பது மாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தது. இரண்டு அறை, சமையலறை, மேல்புறம் பார்த்த சன்னல். இந்த ஊரில் மலை இருக்கிற பக்கம் மேல், மற்றதெல்லாம் கீழ். திசை கேட்டால் குழந்தைகூட அப்படித்தான் சொல்லும். கீழே நகரத்துப் புகை பழைய போர்வை மாதிரி கிடந்தாலும், அந்தச் சன்னலில் நின்றால் பனி மூடிய மலை தெரிந்தது. குல்யாஷ் முதல்முறை வந்தபோது அறைகளைப் பார்க்கவே இல்லை. சமையலறைச் சூடேற்றியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றாள். குளியல்நிலையச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஆவிக்கு நடுவில் விரிப்பு தேய்க்கிறவள். சூடு அவளுக்குப் புதிதல்ல. வேலை செய்யாமல் கிடைக்கிற சூடுதான் புதிது.

வீட்டுக்காரர் தொக்தார் மகனோடு இருக்கத் தால்திகொர்கானுக்குப் போய்விட்டார். பூட்டிக் கிடக்கிற வீடு, குளிரில் குழாய் வெடித்துவிடக்கூடாது என்று அவருக்குப் பயம். "தம்பி, நீதான் இவ்வளவு ஆசையாப் பாக்குறியே, சாவி உங்கிட்டயே இருக்கட்டும். வாரம் ஒருதடவை குழாயைத் திறந்து விட்டுட்டு, சூடு வருதான்னு தொட்டுப் பாத்துட்டு வந்திரு. வாங்கும்போது வாங்கிக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர், ஏமாளி என்று துய்சேன் நினைத்தான். அவன் மனிதர்களைப் பற்றிப் போட்ட கணக்கெல்லாம் இந்த மாதிரிதான் இருக்கும்.

லிஃப்ட் ஓடவில்லை. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'வேலை செய்யவில்லை.' அதன் கீழே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: 'நானும்தான்.'

நான்காவது மாடித் திருப்பத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். காலடியில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் நிறைந்த பை.

"யாரையாவது எதிர்பார்த்து உக்காந்திருக்கீங்களா அண்ணே?" என்றான் துய்சேன்.

"முழங்காலை," என்றார் அவர். "நான் முன்னாடியே வந்துட்டேன். அது பின்னாடி வருது."

அவர் பெயர் ஒராஸ். முப்பது வருஷம் கால்பந்து நடுவராக ஓடி ஓடி முழங்கால் தேய்ந்தவர். எட்டாவது மாடியில் குடியிருந்தார். லிஃப்ட் நின்றதிலிருந்து கடைக்குப் போய்வர அரைநாள் ஆகிறது என்றார். பராமரிப்புக்குக் கட்ட குடியிருப்போர் சங்கத்தில் பணம் இல்லை. வந்த ஒரு ஆளும் தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டானாம்.

துய்சேன் பையைத் தூக்கிக்கொண்டு அவரை எட்டாவது மாடியில் விட்டான். மோட்டார் அறைச் சாவி அவரிடம்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு சும்மா பார்க்கத்தான் போனான். வாயில்லாத ஜீவன் அடிபட்டுக் கிடந்தால் கால்நடை வைத்தியன் சும்மா பார்ப்பானே, அந்த மாதிரி. ஒரு ரிலே கருகிப்போயிருந்தது. இரண்டு மாடிகளில் கதவுத் தொடுமுனை அழுக்கேறிக் கிடந்தது. அடுத்த வாரம், கழித்துப்போட்ட லிஃப்டிலிருந்து ஒரு ரிலேயை எடுத்து வந்து மாட்டினான். தொடுமுனைகளை ஷோல்பானின் ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்தான். பெட்டி ஒருமுறை இருமிவிட்டு ஏறியது. எட்டாவது மாடியில் கதவு திறந்தபோது ஒராஸ் பழைய விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.

அதற்குப் பிறகு அவன் வந்தாலே ஏதாவது ஒன்று காத்திருந்தது. ஐந்தாவது மாடிப் பொத்தான் அழுந்தவில்லை, பெட்டிக்குள் விளக்கு இல்லை, கதவு ஷோல்பானின் பாட்டு வாத்தியார் மாதிரி இழுத்து முனகுகிறது. குழாயைத் திறந்து மூட வந்தவன் பாதிநாள் அங்கேயே கிடந்தான். குல்யாஷும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வந்தாள். சன்னல் அளவு பார்க்கிறேன் என்று பழைய திரைச்சீலை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினாள். அளவு பார்த்த பிறகும் கழற்றவில்லை. ஒருநாள் அந்த அடுப்பிலேயே முட்டை பொரித்து, எட்டாவது மாடிக்குப் போய் உப்பு வாங்கி வந்தாள்.

"வாங்காத வீட்டுக்கு எதுக்கு உப்பு?" என்றான் துய்சேன்.

"முட்டைக்கு," என்றாள் குல்யாஷ்.

சனவரி நடுவில் தொக்தார் போன் செய்தார். கிஸிலோர்தாவிலிருந்து ஒருவன் வீட்டைக் கேட்கிறானாம்.

"யார்கிட்ட கதை விடுறாரு," என்றான் துய்சேன், போனை வைத்தபிறகு. "வாங்குறவனே இல்லாத ஊர்ல கிஸிலோர்தாக்காரன் வந்துட்டானாம். விலை இன்னும் இறங்கப்போகுதுன்னு அவருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதான் அவசரம்."

அன்று சாயங்காலம் குல்யாஷ் ஷோல்பானின் உடுப்புகளை மடித்துத் தனியாக ஒரு பையில் வைத்தாள். துய்சேன் அதைப் பார்த்தான். பார்க்காத மாதிரி பனி அள்ள வெளியே போனான். அள்ளுவதற்கு அன்று பனியே இல்லை.

அடுத்த ஞாயிறு மூவரும் அந்தக் கட்டடத்துக்கு வந்தபோது, லிஃப்டுக்குள் ஒராஸின் மனைவி ஸெய்னேஷ் இருந்தாள். பாலர் பள்ளியில் சமையல் செய்கிறவள். நூறு பிள்ளைகளுக்குப் பேசிப் பழகிய குரல்.

"நல்லதாப் போச்சு, உங்களைத்தான் தேடினேன்," என்றாள். "வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுல உங்களுக்கு யெருலிக். இத்தனை வாரம் ஆச்சு, புதுசாக் குடிவந்தவங்களுக்கு ஒருவேளை சோறு போடலேன்னா எங்க மூஞ்சியில யார் முழிப்பா? மூணாவது மாடியில இருந்து எல்லாரும் வர்றாங்க. ஆட்டுக்குச் சொல்லியாச்சு."

புதிதாக வந்தவர்களுக்கு முன்னமே இருக்கிறவர்கள் யெருலிக் விருந்து வைப்பது வழக்கம். அந்தச் சோற்றைத் தின்றவன் அந்த இடத்துக்காரன். தின்றுவிட்டு, நான் சும்மா விலை பார்க்க வந்தேன் என்று வாயைத் துடைத்துக்கொண்டு போனவனை ஏழு தலைமுறையில் எவனும் கண்டதில்லை.

"மதினி, அது வந்து, நாங்க இன்னும்..."

"இன்னும் சாமானெல்லாம் வரலை, அதானே? வரும் வரும். சாமானா சாப்பிடப்போகுது?"

எட்டாவது மாடி வந்தது. ஸெய்னேஷ் போய்விட்டாள். அவர்கள் இறங்க வேண்டியது ஏழில். மேலே வந்துவிட்டதை மூவரில் யாரும் கவனிக்கவில்லை.

"நீ சொல்லியிருக்கலாம்ல?" என்றான் துய்சேன், பெட்டி கீழே இறங்கும்போது.

"என்னன்னு சொல்ல? எம்புருஷன் இன்னும் யோசிக்கிறாருன்னா?"

"நான் போய்ச் சொல்லிட்டு வந்திர்றேன்."

"போங்க."

அவன் போகவில்லை. அந்த வாரம் முழுக்கப் போகவில்லை. தினமும் காலையில் இன்றைக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தான். ஆட்டை அறுப்பதற்குள் சொன்னால் போதும் என்று வியாழக்கிழமை வரை ஓட்டினான். வெள்ளிக்கிழமை அறுத்திருப்பார்கள் என்று தோன்றியதும், இனி சொல்லி என்ன என்று விட்டுவிட்டான். விலையோடு ஆடிய ஆட்டத்தையே அவன் ஆட்டோடும் ஆடினான்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே மீன்செதில் மாதிரி பொடிப்பனி. ஒராஸின் வீட்டுக்குள் நுழைந்ததும் கொதித்த கறியும் வெங்காயமும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. நீள மேசை. பொரித்த மாவு உருண்டைகள் குவியலாக, வெண்ணெய், ஊறவைத்த தக்காளி, குளிர்காலத்துக்கென்று அறுத்த குதிரையின் தொத்திறைச்சி வட்டவட்டமாக. ஐந்தாவது மாடி ஆசிரியை, மூன்றாவது மாடியில் தம்பதி, இன்னும் நான்கைந்து பேர். எல்லோரும் எழுந்து இடம் விட்டார்கள். துய்சேனை வாசலுக்கு எதிரே, மேசையின் தலைப்பக்கத்தில் உட்காரவைத்தார்கள். தப்பி ஓட முடியாத இடம் அது.

ஸெய்னேஷ் குல்யாஷுக்கு முதுகுக்குத் தலையணை வைத்தாள். கிண்ணத்தின் அடியில் மட்டும் பால் டீ ஊற்றிக் கொடுத்தாள். மரியாதைக்குரிய விருந்தாளிக்கு அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், மறுபடி மறுபடி நீட்டச் சொல்ல வேண்டும்.

"இன்னும் ரெண்டு மாசமா மருமகளே?" என்றார் ஒராஸ்.

"நவ்ரூஸ் பக்கத்துல மாமா."

"அப்போ நம்ம கட்டடத்துல பிறக்கிற பிள்ளை. இங்க பிள்ளை பிறந்து பத்து வருஷம் ஆச்சு. எல்லாம் பெருசாகி போனைக் கையில வச்சுக்கிட்டு அலையுது. தம்பி, நீ ஏன் டீயைப் பாத்துக்கிட்டே இருக்கே? அதுல விலை எழுதியிருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். துய்சேனுக்குக் காது சூடானது.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்," என்றான்.

"சொல்லு."

"எங்களைப் பத்தி நீங்கல்லாம் என்ன நினைச்சீங்களோ. நாங்க அந்த வீட்டை இன்னும்..."

"அந்த வீட்டைப் பத்திச் சொல்லாதே. குளியலறைச் சுவர்ல ஈரம் இருக்கும். தொக்தார் பதினஞ்சு வருஷமா வைத்தியம் பாத்தான், நிக்கலை. மத்தபடி நல்ல வீடு. ஸெய்னேஷ், கொண்டாந்திரு."

ஸெய்னேஷ் தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். வேகவைத்த ஆட்டுத்தலை, மூக்கு அவனைப் பார்த்தபடி. ஒராஸ் கத்தியைக் கைப்பிடிப்பக்கமாக நீட்டினார்.

"அப்பா இருக்காரா?"

"இல்லை அண்ணே. ரொம்ப வருஷம் ஆச்சு."

"அப்போ உனக்குத்தான். வெட்டு."

தகப்பன் உயிரோடு இருந்தால், வழக்கப்படி தலையைத் தொட மாட்டேன் என்று மறுத்திருக்கலாம். அந்த வழியும் அடைபட்டது. வாழ்நாளில் ஒருதடவைகூட யாரும் துய்சேன் முன்னால் அந்த மரியாதைத் தலையை வைத்ததில்லை. கல்யாணத்தில்கூட அது பெரியப்பாவுக்குப் போயிற்று. அவன் ஆட்டின் முகத்தைப் பார்த்தான். ஆடும் அவனைப் பார்த்தது. இதுவரை அவனிடம் யாரும் இவ்வளவு நேரடியாக, வாங்குகிறாயா இல்லையா என்று கேட்டதில்லை.

மேசையின் மறுபக்கம் குல்யாஷ் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பையில் உடுப்பு மடித்து வைத்தவள் என்று யாரும் சொல்ல முடியாது. பழுதான பெட்டிக்குள் இருந்து, வெளியே ஆள் நடமாடும் சத்தம் கேட்டதும் ஒருவர் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பாரே, அந்த மாதிரி இருந்தது.

துய்சேன் கத்தியை வாங்கினான். காதை அறுத்து ஷோல்பானிடம் நீட்டினான்.

"எதுக்கு காது?" என்றாள் ஷோல்பான்.

"பெரியவங்க சொல்றதைக் கேக்கணும்னு."

"அப்போ நீங்க ஒண்ணு எடுத்துக்கோங்க அப்பா. இன்னொண்ணு இருக்குல்ல. அம்மா சொல்றதை நீங்கதான் கேக்குறதில்ல."

ஒராஸ் விசிலை எடுத்து ஊதினார். அதற்குப் பிறகு ஆளாளுக்குச் சிரித்ததில் ஆசிரியையின் டீ கவிழ்ந்தது. துய்சேன் இன்னொரு காதை அறுத்துத் தன் வாயில் போட்டு மென்றான். நன்றாக வெந்திருந்தது.

அகலத் தட்டில் மாவுத் தகடுகளும் கறியும் வந்தன. எல்லோரும் கையால் அள்ளித் தின்றார்கள். குழம்பை ஊதி ஊதிக் குடித்தார்கள். கடைசியில் ஒராஸ் இரண்டு உள்ளங்கையையும் ஏந்தினார். எல்லோரும் ஏந்தினார்கள்.

"ஏழாவது மாடியில குடிவந்த இந்தக் குடும்பம் அங்கேயே வேர் விடட்டும். பிறக்கிற பிள்ளைக்கு அந்தச் சன்னல் வெளிச்சம் போதாம இருக்கட்டும், ஓடியாடித் திரியட்டும். அடுப்பு அணையாம இருக்கட்டும். லிஃப்டும் நிக்காம இருக்கட்டும். ஆமீன்."

ஆமீன் என்று எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். துய்சேனும் தடவிக்கொண்டான். அவ்வளவுதான், வீடு வாங்கியாகிவிட்டது. காசு கொடுப்பது மட்டும்தான் பாக்கி.

கீழே இறங்கும்போது லிஃப்டில் குல்யாஷ் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று துய்சேனுக்குச் சரியாகத் தெரியவில்லை. தன் தோளைக் கொடுத்துவிட்டுப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலையில் தொக்தாருக்குப் போன் செய்தான்.

"புதன்கிழமை கிஸிலோர்தாக்காரன் வர்றேன்னு சொல்லியிருக்கான் தம்பி," என்றார் அவர்.

"வர வேண்டாம்னு சொல்லிருங்க."

"நீ விலையைப் பத்தி ஏதோ யோசிச்சுக்கிட்டிருந்தியே."

"யோசிச்சது போதும் அண்ணே. நான் அந்த வீட்டுக்காகத் தலையே தின்னுட்டேன்."

தொக்தார் பேருந்தேறி வந்தார். கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அவருக்கு ஒரு சங்கடம். சாவி ஏற்கெனவே துய்சேனிடம் இருந்தது. விற்றவன் வாங்கியவனுக்குச் சாவி கொடுக்காமல் எப்படி என்று அவர் தெருவிலேயே நின்றுவிட்டார். கடைசியில் துய்சேன் சாவியை அவரிடம் கொடுத்தான். அவர் அதைத் தொப்பியால் துடைத்து, நல்லா இரு தம்பி என்று திரும்ப அவன் கையில் வைத்தார்.

வீட்டுக்குள் முதல் ஆளாக ஷோல்பான் நுழைந்தாள். வழக்கப்படி ஐந்தாவது மாடி ஆசிரியை மிட்டாயும் சில்லறையும் அள்ளி வீசினாள். குல்யாஷ் நேராகச் சமையலறைக்குப் போய்ச் சூடேற்றியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அன்று முழுக்க அங்கேயேதான் இருந்தாள். துய்சேனே எல்லாவற்றையும் தூக்கினான். தூக்கியது லிஃப்ட்தான். ஆனாலும் அவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

அது நடந்து சில நாட்களில், பிப்ரவரியில் ஒரு காலை, ஊர் எழுந்து பார்த்தபோது நாட்டு நாணயமான தெங்கேயின் மதிப்பு சடாரென்று இறங்கியிருந்தது. கடைகளில் சர்க்கரைக்கு நெரிசல். டாலரில் சொல்லிவந்த வீட்டு விலைகள் இன்னும் கீழே போயின. மோட்டார் அறையில் வித்தாலி செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"உன் கட்டடத்துலேயே, மூணாவது மாடியில, அதே மாதிரி வீடு. என்ன விலை பாரு." கருணையோடுதான் சொன்னான். ஏமாந்தவர் கூட்டத்தில் தனக்கு ஒரு துணை கிடைத்த கருணை. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா..."

துய்சேன் பார்த்தான். மடித்துக் கொடுத்துவிட்டு வலிக்கட்டும் என்று காத்திருந்தான். கம்பிவடத்தைத் துடைத்தபடி காத்திருந்தான். மத்தியானம் ரொட்டியும் கறியும் தின்றபோதும் காத்திருந்தான். வலி வரவில்லை. ஒருவேளை வீட்டுக்குப் போனதும் வரும் என்று போனான். கதவைத் திறந்ததும் ஷோல்பான் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். முன்பெல்லாம் குளிர்காலத்தில் அந்தக் கால்களை மூன்று ஜோடிக் காலுறை இல்லாமல் அவன் பார்த்ததில்லை. அந்த ராத்திரி விலையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தவன் பாதியிலேயே தூங்கிப்போனான். மாதக்கணக்கில் அவனைத் தூங்கவிடாத விஷயம் அது. யாரோ முதுகிலிருந்து மூட்டையை இறக்கிவிட்டு, சொல்லாமலே போய்விட்ட மாதிரி இருந்தது.

நவ்ரூஸுக்கு இரண்டு நாள் கழித்துப் பெண்குழந்தை பிறந்தது. குழந்தையை மேலே கொண்டுவந்த அன்று லிஃப்ட் கதவு முனகவில்லை. முந்தின நாளே துய்சேன் அதற்கு எண்ணெய் போட்டிருந்தான்.

மே மாதம், தெருவோர வாய்க்கால்களில் மலைத்தண்ணீர் சலசலத்து ஓடத் தொடங்கியபோது, மூன்றாவது மாடிக் காலி வீட்டுக்கு ஓர் இளஞ்ஜோடி வந்து போக ஆரம்பித்தது. அந்தப் பையன் சுவரைத் தட்டிப் பார்ப்பான். சன்னல் வழியே எட்டிப் பார்ப்பான். உதட்டைப் பிதுக்குவான். போய்விட்டு அடுத்த வாரம் மறுபடி வருவான். மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து அவனையே பார்ப்பாள். துய்சேனுக்கு அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடி பார்க்கிற மாதிரி இருந்தது, அதுவும் சவரம் செய்யாத நாளில்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸெய்னேஷ் இறங்கி வந்தாள்.

"உங்க பெரிய குண்டான் வேணும். ஞாயித்துக்கிழமை மூணாவது மாடிக்காரங்களுக்கு யெருலிக்."

"அவங்க இன்னும் வாங்கலையே மதினி," என்றான் துய்சேன்.

"அதனாலென்ன?"

"வாங்காதவனுக்கு எப்படி யெருலிக்?"

ஸெய்னேஷ் குழந்தையைக் குல்யாஷிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "அந்தப் பையன் குழாய் வேலை பாக்குறவனாம். உங்க அண்ணன் விசாரிச்சுட்டாரு. கீழ்த்தளத்துல குழாய் எல்லாம் எப்படி ஒழுகுதுன்னு தெரியும்ல? உன் குளியலறைச் சுவர் இன்னும் காயலை."

துய்சேன் குண்டானை எடுக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். தொக்தார் அந்த வீட்டில் பதினைந்து வருஷம் இருந்தவர். மேல்மாடியில் பதினைந்து வருஷம் டீ குடித்தவர். வீட்டை விற்றாரா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? இது இப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது.

"மதினி," என்றான் மெதுவாக. "அப்போ அன்னைக்கு எங்களுக்குப் போட்ட விருந்து?"

"உனக்கு முழு ஆடு அறுத்தோம் தம்பி. லிஃப்ட் வேலைக்காரன்ல. இவனுக்கு அரை ஆடு போதும்னு பேசியிருக்கோம்."

"கிஸிலோர்தாக்காரன்?"

"எந்தக் கிஸிலோர்தாக்காரன்?" என்றாள் ஸெய்னேஷ், குழந்தையின் தலையை முகர்ந்தபடி.

அவன் குல்யாஷைப் பார்த்தான். அவள் ஈரத்துணிகளை உதறி, சன்னலோரக் கொடியில் ரொம்பக் கவனமாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நான் உப்பு வாங்கத்தானே போனேன்," என்றாள் குல்யாஷ், திரும்பாமல்.

துய்சேன் கோபப்பட முயன்றான். ஒரு கட்டடமே சேர்ந்து தன்னை ஆட்டைக் காட்டிப் பிடித்திருக்கிறது. உலகத்திலேயே சாமர்த்தியமாக வீடு வாங்கக் காத்திருந்தவனை, அவனைவிடச் சாமர்த்தியமாகக் காத்திருந்து வாங்கியிருக்கிறார்கள். கோபம் தொண்டை வரை வந்து சிரிப்பாக வெளியே போனது. அவன் வாழ்நாளில் யாரும் அவனுக்காக இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

குண்டானைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு லிஃப்டைக் கூப்பிட்டான். கீழேயிருந்து வந்த பெட்டி திறந்தபோது உள்ளே அந்தப் பையன் இருந்தான். மலை தெரிகிறதா என்று பார்க்க மாடிமாடியாக ஏறிக்கொண்டிருந்தானாம்.

"அண்ணே, நீங்க இங்கதானே இருக்கீங்க?" என்றான், குரலைத் தாழ்த்தி. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். விலை இன்னும் விழும்ல?"

துய்சேன் குண்டானை இறக்கி இருவருக்கும் நடுவில் வைத்தான். எட்டை அழுத்தினான்.

"விழும் தம்பி," என்றான். "கண்டிப்பா இன்னும் விழும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரியைக் கூட்டிக்கிட்டுச் சாப்பிட வந்திரு."